ஆசை வார்த்தையும் நம் வரலாறும்

இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குவர். நாகப்பட்டினத்துத் துறையும், பினாங்குக் கரையும், இடையிலே கிடந்த கடலும் நம் முன்னோர் கதையின் முதல் அத்தியாயமாக அமைந்துவிட்டன. ஆயினும், கப்பலுக்கு முன்னே ஒரு சொல் இருந்தது. ஊர்ச் சாவடியிலோ ஆலமரத்தடியிலோ அமர்ந்து, புது வேட்டியும் கைக்கடிகாரமுமாய் ஒருவன் பேசிய பேச்சே அது. அப்பேச்சைக் கேட்டவர்கள்தாம் கப்பலேறினர். ஆதலின், நம் வரலாற்றின் உண்மையான முதல் அத்தியாயம் ஆசை வார்த்தையின் அத்தியாயமே எனல் பொருந்தும்.

அவ்வார்த்தையின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய விரும்புகிறேன். முடிந்துபோன பழங்கதையாயின் அதனை ஏட்டிலேயே விட்டுவிடலாம். அது முடிந்துபோகவில்லை. வேட்டிக்குப் பதில் கழுத்துப்பட்டையும், ஆலமரத்தடிக்குப் பதில் குளிரூட்டிய மண்டபமும் கொண்டு, விடுமுறைக் கழகம் என்னும் பெயரால் அது இன்றும் நம்மிடையே உலவுகின்றது. அதனிடம் ஏமாந்தோருள் படித்தவர் பலர், ஆசிரியர் சிலர், இதனை எழுதுவோனும் அவருள் ஒருவன்.

கங்காணியின் பேச்சு

மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளரைக் கொணர்ந்த முறைகள் முதன்மையாக இரண்டு. முதலாவது ஒப்பந்தக் கூலிமுறை. குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைநாட்டிட்டு வருவது அது. அம்முறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. இரண்டாவது கங்காணி முறை. தோட்டத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஒருவரையே துரை தேர்ந்தெடுத்து, உரிமச் சீட்டும் வழிச்செலவும் தந்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவர் தம் உறவினரையும் தெருவாரையும் அழைத்து வருவார்.

இம்முறையின் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அந்நியன் ஒருவன் வந்து அழைத்திருப்பின் ஊரார் ஐயுற்றிருப்பர். வந்தவனோ மாமன், மச்சான், பங்காளி. பேசியது விற்பனையாளனாயினும் கேட்டவர் காதில் விழுந்தது உறவின் குரலே. அவன் அணிந்திருந்த கடிகாரம் சான்று. அவன் செலவழித்த காசு சான்று. கடலுக்கு அப்பாலுள்ள நாட்டைப் பற்றி அறிய அவ்வூராருக்கு அவனைத் தவிர வேறு நூலில்லை.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் தாம் அமர்த்திய இந்தியத் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். கப்பல் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. அதன் பின்னர் வந்தோர் பயணக் கடன் தலையிலின்றிக் கரையிறங்க வழி பிறந்தது. இது மறுக்க முடியாத முன்னேற்றம். எனினும் ஆள் சேர்த்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று படி கிடைத்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசும் கங்காணிக்குச் சேர்ந்தது. எத்தனை தலையோ அத்தனை காசு. பேசுவோனுடைய வருவாய் கேட்போனுடைய தலையசைப்பில் தங்கியிருந்தால் பேச்சு எப்படி அமையும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

என் பாட்டியார் 1926இல், பதினாறாம் வயதில், சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இவ்வாறு வந்தவர். அவரை அழைத்து வந்த கங்காணி அவருக்கு மாமன் முறை. சிறுவனாயிருந்தபோது நான் ஒருநாள், "பாட்டி, அவர் பொய் சொல்லித்தானே உங்களைக் கூட்டி வந்தார்?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் சொன்ன விடை இன்றும் என் நெஞ்சில் நிற்கின்றது. "அவன் பொய் சொல்லலடா. பாதிய சொன்னான்."

சம்பளம் உண்டு என்றது மெய். அரிசிக் காசு அதில் போகும் என்பதைச் சொல்லவில்லை. வீடு உண்டு என்றது மெய். அது லயத்தில் ஓர் அறை என்பதைச் சொல்லவில்லை. விரும்பியபோது திரும்பலாம் என்றதும் மெய். திரும்புவதற்குக் கப்பல் கட்டணம் சேர எத்தனை ஆண்டு ஆகும் என்பதைச் சொல்லவில்லை. ஆசை வார்த்தையின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் கூறியதாக நான் அறியேன். முழுப்பொய்யை வழக்காடி வெல்லலாம். பாதி மெய்யை என்ன செய்வது?

ஆயினும் கங்காணி ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. பஞ்சமும் கடனும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் ஊரிலிருந்து பலரை முன்னரே வெளியே தள்ளியிருந்தன. போனால் போதும் என்றிருந்தவரும் பலர். கங்காணியும் முன்பு மற்றொரு கங்காணியின் சொல்லைக் கேட்டு வந்தவரே.

முறையின் முடிவு விரைவிலேயே வந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை வீழ்ந்தது. 1930இல் கங்காணிவழி ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கூலி குறைக்கப்பட்டது, அடுத்த சில ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936 டிசம்பரில் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், கங்காணி முறை இனி வேண்டா என 1937இல் அறிக்கை தந்தார். 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்துடன் தொழிலாளர் இங்கு வருவதையே தடை செய்தது.

விற்கப்பட்ட குளிர்ச்சி

இனி நம் கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பீடபூமியைப் பற்றிக் குறிப்பெழுதினார். நாற்பது ஆண்டுகள் அது குறிப்பாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாச நகரம் அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலைச்சாலை வெட்டப்பட்டது. வெள்ளையர் தாயகம் செல்லாமலே குளிர் காயலாம், நோய் தீரலாம் என்பதே இம்மலையைப் பற்றிய முதல் விளம்பரம். குளிர்ச்சி அன்றே விற்பனைப் பொருளாயிற்று.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. ரப்பர் விலை வீழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டுத் தேயிலைக் கன்றுகள் ஊன்றப்பட்டன. பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் கூலி குறைந்து தவித்த என் பாட்டனாரும் பாட்டியாரும் மலைக்கு வந்தது அக்காலத்தில்தான். "மேலே வேலை இருக்கிறது, வெயில் இல்லை" என்று சொன்னார்களாம். வெயில் இல்லாதது மெய்யே. விடியற்காலைப் பனியில் விரல் மரத்துப்போவதையும், கூடையின் கயிறு நெற்றியில் தழும்பாவதையும் சொல்ல மறந்துவிட்டனர்.

இலங்கைத் தேயிலையைக் குறிப்பிட்டமையால் மற்றொரு செய்தியையும் இங்கே நினைவூட்டல் தகும். அங்கே துண்டு முறை என ஒன்று இருந்தது. தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய சீட்டே துண்டு. அக்கடனைப் புதிய தோட்டத்தார் செலுத்தினாலன்றித் தொழிலாளி இடம் மாற இயலாது. 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. தாளில் எழுதிய தொகை ஒன்று மனிதனின் காலைக் கட்டும் என்பதற்கு அத்துண்டு நீங்காத சான்று.

ஏழு இரவுகளின் வணிகம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் கையில் சிறிது பணமும் வந்தன. விடுமுறை வீடு ஒன்றை முழுதாக வாங்க இயலாதோர் பலர் சேர்ந்து வாங்கி, ஆளுக்குச் சில வாரம் பகிர்ந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் 1960களில் அங்கே பிறந்தது. சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்னும் நிறுவனம் 1963இல் தொடங்கியது. ஓரிடத்து வாரத்தை வேறிடத்து வாரத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் எழுந்தது. 1986இல் சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் தோன்ற, இந்தியாவிலும் இவ்வணிகம் பரவியது. நம் நாட்டிலும் டைம்ஷேர் என்றும் விடுமுறைக் கழகம் என்றும் இது வேரூன்றியது.

அடிப்படை எண்ணத்தில் குற்றமில்லை. ஆண்டுதோறும் தவறாமல் விடுமுறை செல்லும் குடும்பத்துக்கு இது பயன்படவும் கூடும். குற்றம் அதனை விற்ற முறையில் புகுந்தது. ஒரு வாரத்தை விற்பதற்கு ஆகும் செலவு பெரிது. ஆதலின், வந்தவர் வாங்காமல் எழுந்து போகக்கூடாது என்பதே விற்பனையின் முதல் விதியாயிற்று. பரிசு விழுந்திருக்கிறது என்று தொலைபேசியில் அழைப்பர். கணவன் மனைவி இருவரும் வரவேண்டும் என்பர்; வீட்டிற்குப் போய்க் கலந்து பேசுகிறோம் என்று சொல்ல இடமிருத்தலாகாது அல்லவா? தொண்ணூறு நிமிடம் என்பர். நான்கு மணிநேரம் ஆகும். ஒருவர் இனிமையாகப் பேசுவார். வேண்டா என்றதும் மேலாளர் ஒருவர் வந்து விலையைக் குறைப்பார். பக்கத்து மேசையில் எவரேனும் கையெழுத்திட்டால் மண்டபமே கைதட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்த விலை இன்றைக்கு மட்டும்' என்பர்.

என் கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், நானும் என் துணைவியாரும் அத்தகைய மண்டபம் ஒன்றில் அமர்ந்தோம். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இளைஞன் தமிழன். "ஐயா, அம்மா" என்று வாய் நிறைய அழைத்தான். தானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்றான். ஆசிரியர்களின் உழைப்பைப் புகழ்ந்தான். "உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாளாவது ஓய்வெடுத்திருக்கிறீர்களா ஐயா?" என்று அவன் கேட்டபோது என் துணைவியாரின் கண் கலங்கியது. சுவரிலே தேயிலைச் சரிவின் வண்ணப்படம் மாட்டியிருந்தது. அப்படத்திலிருந்த மலை என் பாட்டியார் கூடை சுமந்த மலை. அதன் எதிரே ஆண்டுக்கு ஏழு இரவு தங்கும் உரிமையை 18,000 ரிங்கிட்டுக்கு நான் வாங்கினேன். அத்தொகையிற் பெரும்பகுதி எங்கள் இளைய மகளின் மேற்படிப்புக்கென என் துணைவியார் சேர்த்தது.

அன்றிரவே ஒப்பந்தத்தைப் படித்தேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டென்றும், அது உயரக்கூடுமென்றும், தங்காத ஆண்டுக்கும் அது செலுத்தத் தக்கதென்றும் கண்டேன். பாட்டியாரின் 'பாதி' என்ற சொல் செவியில் ஒலித்தது. அதே ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், பத்து வேலைநாளுக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம் என்ற விதியும் இருந்தது.

நான் விலகவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. விலகுவதாயின் உடன் பணியாற்றுவோர் எவரிடமேனும் யோசனை கேட்க வேண்டும். தலைமையாசிரியரே ஏமாந்தார் என்று ஆசிரியர் அறையில் பேசுவர். துணைவியாரிடம் நான் தவறினேன் என்று சொல்ல வேண்டும். நாளை பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று பத்து நாளும் கழிந்தன. நாங்கள் விரும்பிய பள்ளி விடுமுறை நாள்களில் அறை கிடைப்பது அரிதாயிருந்தது. கட்டணச் சீட்டு மட்டும் ஆண்டு தவறாமல் வந்தது. மகள் படிப்பைக் கைவிடவில்லை. ஆனால் கல்விக் கடன் பெற்றே படித்தாள். அக்கடனை அவள் இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையெழுத்துக்கு அவள் செலுத்தும் வட்டி அது.

தாமதம் என்னும் மருந்து

ஆசை வார்த்தைக்கு எதிராகச் சட்டம் கண்ட முதல் மருந்து தாமதம் என்பதை வரலாறு காட்டுகின்றது. கங்காணி சேர்த்த ஆளைக் கிராமத் தலைவர் முன் நிறுத்தி, மனமொப்பிச் செல்கிறாரா என அறிந்து சான்று பெறவேண்டும் என விதி செய்தனர். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கவைத்து விசாரித்தனர். 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் மேற்பார்வையை இறுக்கியது. விசாரித்த அதிகாரியிடம் எத்தனை பேர் "எனக்கு விருப்பமில்லை" என்று துணிந்து சொல்லியிருப்பர்? ஊரைக் கூட்டி விடைபெற்று வந்தவன் எந்த முகத்தோடு திரும்புவான்?

நம் காலத்திலும் அவ்வாறே. ஐரோப்பிய ஒன்றியம் காலப்பகிர்வு ஒப்பந்தத்திலிருந்து விலகப் பத்து நாள் தவணையை 1994இல் விதித்தது. 2008இல் அதனைப் பதினான்கு நாளாக்கியது. நம் நாட்டின் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம், வீடு தேடி வரும் விற்பனையில் வாங்குவோர் மனம் மாறப் பத்து நாள் தந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. வழக்கறிஞர் இன்றியே அங்கு முறையிடலாம். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த அதன் வரம்பு 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. காலப்பகிர்வுத் திட்டங்கள் முன்பு 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் இருந்தன. இன்று அவற்றுக்கென 2016ஆம் ஆண்டு முதலீட்டு நலத்திட்டச் சட்டம் உண்டு. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் எச்சரித்து வந்துள்ளது.

கதவுகள் இல்லாமலில்லை. அவற்றைத் தட்டும் கையை வெட்கம் பிடித்துக்கொள்கிறது.

மௌனத்தின் விளைவு

பாட்டியார் ஊருக்கு எழுதுவித்த கடிதங்களைப் பற்றி ஒருமுறை சொன்னார். தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுப்பாராம். ஒவ்வொன்றிலும் 'இங்கு அனைவரும் நலம்' என்றே எழுதச் சொல்வாராம். பிள்ளை ஒன்றைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஆண்டிலும் அவ்வாறே. அக்கடிதத்தைப் படித்த அவருடைய தங்கை இரண்டாண்டில் கப்பலேறினார். "நான்தான் அவள கூப்பிட்டதா ஆச்சு" என்று பாட்டியார் முதுமையிலும் வருந்தினார். கங்காணியின் பேச்சு பாதி வேலையைச் செய்தது. மீதியை ஏமாந்தவரின் மௌனம் செய்து முடித்தது.

நானும் அதனையே செய்தேன். என் உடனாசிரியர் ஒருவர், "ஐயா, அந்தக் கழகத்தில் சேர்ந்தீர்களாமே, எப்படி?" என்று கேட்டபோது, "பரவாயில்லை" என்றேன். அவரும் சேர்ந்தார். என் இழப்பினும் அந்த ஒரு சொல்லே என்னை மிகுதியாக வருத்துகின்றது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. பசியால் கப்பலேறியவரையும் ஓய்வை விரும்பிக் கையெழுத்திட்டவனையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. பாட்டியார் இழந்தது பிறந்த மண். நான் இழந்தது பணம். இவ்விரண்டினும் கொடிய ஒப்புமை நம் கண்முன் வேறுள்ளது. இன்று இம்மலைச் சரிவுகளில் கொழுந்து எடுப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர். அவர்களுள் பலர் முகவரின் சொல்லை நம்பிக் கடன்பட்டு வந்தவர். 2023 டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துப் பெங்ஙெராங்கில், வாக்களித்த வேலை கிடைக்காத 171 வங்காளதேசத்தவர் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்கு நடந்து சென்றபோது தடுத்து வைக்கப்பட்டனர். அவர்கள் கேட்ட பேச்சு நம் முன்னோர் கேட்ட அதே பேச்சுத்தான். அவர்களை அயலார் என்று நாம் கடந்து செல்வோமாயின், நம் வரலாற்றை நாம் படித்ததாகக் கருத முடியாது.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மாணவர்க்கு மனனம் செய்விக்கிறோம், தேர்வும் வைக்கிறோம். ஒப்பந்தம் ஒன்றை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லித் தருவதில்லை. அண்மையில் என் ஒப்பந்தத்தின் படியை, பெயர்களை மறைத்து, ஆறாம் ஆண்டு வகுப்பில் கொடுத்துப் படிக்கச் செய்தேன். நடந்ததனைத்தையும் கூறினேன்; ஏமாந்தவன் நானே என்பதையும் கூறினேன். வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கைதூக்கினாள்.

"ஐயா, நல்ல பொருளாக இருந்தால் நாளைக்கும் அதே விலைக்கு விற்கலாமே. ஏன் இன்றைக்கு மட்டும் என்றார்கள்?"

அம்மண்டபத்தில் நான்கு மணிநேரம் அமர்ந்திருந்தபோது எனக்குத் தோன்றாத கேள்வி அது. அக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் ஏட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பிலும் அதனை எழுதிப் போடுங்கள். நாளைக்கு நிற்காத சொல்லை இன்று நம்ப வேண்டா என்று நம் பிள்ளைகள் அறியட்டும். தவறி நம்பிவிட்டால், அதை வெளியே சொல்ல வெட்கப்படாதிருக்கவும் கற்கட்டும்.